இரண்டாம் தடவை கட்டிய வரி

வருடத்துக்கு ஏழு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் சம்பாதிக்கிறவள் நான் என்பது எனக்கு நாற்பத்தொன்பது வயதில்தான் தெரியவந்தது. அதையும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் ஆடிட்டரம்மா கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பி, "இதானுங்க மேடம், போன வருசம் உங்க வருமானம்" என்று விரல் வைத்துக் காட்டினார். என் பெயர், என் அப்பா பெயர், பிறந்த தேதி எல்லாம் சரியாக இருந்தன. கழிவுகள் போக, இருபத்தேழாயிரத்து ஐந்நூற்று அறுபது ரூபாய் வருமான வரியும் நான் கட்டியிருக்கிறேனாம். அதற்கு முந்தின வாரம்தான் தொள்ளாயிரம் ரூபாய்ப் புடவை ஒன்றுக்காக வீட்டுக்காரரோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.

அந்த நாற்காலியில் நான் போய் உட்கார்ந்த கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

துடியலூரில் எங்களுக்கு ஒரு லேத் பட்டறை. நான்கு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஆறு ஆட்கள். பம்ப்செட் கம்பெனிகளுக்கு உதிரி பாகங்கள் கடைந்து கொடுக்கிறோம். 'கொடுக்கிறோம்' என்பது ஒரு பேச்சுக்குத்தான். ஆயுத பூஜையன்று பொரியும் சுண்டலும் எடுத்துக்கொண்டு போவதைத் தவிர பட்டறைக்குள் எனக்கு வேலையே கிடையாது. எல்லாம் வீட்டுக்காரர். ஆனால் காகிதத்தில் உரிமையாளர் நான். முன்பு அவர் கூட்டாளி ஒருவரோடு நடத்திய தொழில் நொடித்துப்போய், வங்கிகளில் அவர் பெயர் கெட்டிருந்தது. அதனால் புதிதாகத் தொடங்கியதை என் பெயரில் பதிவு செய்தார். எங்கள் பக்கத்தில் இதை யாரும் விநோதமாக நினைப்பதில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் நான் பார்க்கிற பெண்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு என்டர்பிரைசஸின் முதலாளிகள். பட்டறைச் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்று அவர்களைக் கேட்டால் தெரியாது.

முதலாளியாக நான் செய்துவந்த வேலை ஒன்றே ஒன்று. மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை என் ஃபோனுக்கு ஆறு இலக்க எண் வரும். அடுத்த நிமிடம் அவர் கூப்பிடுவார். "கண்ணு, ஓ.டி.பி. வந்துச்சா? சொல்லு." நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே சொல்வேன். ஆறு வருடம் இப்படிச் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காதது என் தப்புதான், அதை யார்மேலும் போட மாட்டேன்.

தைப்பூசத்துக்கு அவர் பழனிக்கு நடந்து போகிறவர். கூட்டத்தோடு கிளம்பினால் நான்கு நாள் நடை, பிறகு பஸ் பிடித்து வீடு. ஃபோனை வீட்டில் வைத்துவிட்டுப் போவது அவர் விரதத்தில் ஒரு பகுதி. அந்த வருடம் அவர் கிளம்பிப் போன மத்தியானமே அந்த ஃபோன் அடித்தது. ஆடிட்டரம்மா.

"ஏனுங்க, சார் இல்லீங்களா?"

"பழனிக்கு நடந்து போயிருக்காருங்க. வர அஞ்சு நாளாகும்."

"அஞ்சு நாளுங்களா?" அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "மேடம், ப்ரொப்ரைட்டர் நீங்கதானுங்களே. நீங்களே சித்த வந்துட்டுப் போங்க. ஜி.எஸ்.டி. நோட்டீஸ் ஒண்ணு போர்ட்டல்ல வந்து கெடக்குது. நானே இன்னைக்குத்தான் பாத்தேன். பதில் போட ஆறே நாள்தான் இருக்குது."

நோட்டீஸ் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டுப் போவது. ஒரு வலைத்தளத்துக்குள் அது பாட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும், நாம் போய்ப் பார்க்கவில்லை என்றால் நம் தலையில் விடியும் என்பதே எனக்குப் புதிய செய்தி. பஸ் ஏறினேன்.

ஆடிட்டரம்மாவுக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவாக இருக்கும். மேஜையில் சின்ன மாதா படம், அதன் பக்கத்தில் ஒரு கட்டுக் கோப்புகள். என்னை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். ஜி.எஸ்.டி. வந்து இரண்டாம் வருடத்துக் கணக்கில், நாங்கள் கழித்துக்கொண்ட வரியில் இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம் ரூபாய் செல்லாதாம். அதைத் திரும்பக் கட்ட வேண்டும். அதற்கு வருடத்துக்குப் பதினெட்டு சதவீதம் வட்டி. ஐந்து வருட வட்டி மட்டும் ஒரு லட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரத்து நானூறு. ஆக மொத்தம் நான்கு லட்சத்துப் பத்தாயிரத்து நானூறு. கெடுவுக்குள் கட்டினால் அபராதம் இல்லை, தாண்டினால் அதுவும் சேரும்.

"நாங்க வரி கட்டாம ஏமாத்திப்போட்டோம்னு சொல்றாங்களா?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது, பக்கத்து அறைப் பையன் எட்டிப் பார்த்தான்.

"இல்லீங்க மேடம். நீங்க கட்டிட்டீங்க. அதான் இதுல வேதனையே."

எனக்குக் கோபம் வந்தது. கட்டிவிட்டேன் என்றால் எதற்கு நோட்டீஸ்? புரியும்படி சொல்லுங்கள், புரியாமல் நான் எழுந்திருக்க மாட்டேன் என்றேன். அவர் ஒரு காகிதத்தை எடுத்தார். அன்றைக்கு அவர் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை, ஏனென்றால் அந்தக் காகிதத்தை மடித்து என் பர்ஸில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

நாங்கள் இரும்பை உருக்கி வார்க்கிற ஃபவுண்டரியிலிருந்து ஒரு வார்ப்பை நூறு ரூபாய்க்கு வாங்குகிறோம். அதன்மேல் பதினெட்டு ரூபாய் வரி, ஆக நூற்றுப் பதினெட்டு கொடுக்கிறோம். அந்தப் பதினெட்டை ஃபவுண்டரிக்காரர் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். நாங்கள் அதைக் கடைந்து நூற்றைம்பதுக்கு விற்கிறோம். கம்பெனி எங்களுக்கு விலையோடு இருபத்தேழு ரூபாய் வரியும் சேர்த்துத் தருகிறது. அந்த இருபத்தேழில், ஏற்கெனவே வார்ப்புக்குக் கொடுத்த பதினெட்டைக் கழித்துக்கொண்டு ஒன்பது ரூபாயை நாங்கள் கட்டுகிறோம். அரசாங்கத்துக்கு மொத்தம் இருபத்தேழு போய்ச் சேர்ந்தாயிற்று. கடைசியில் பம்ப்செட்டை வாங்கிக் கிணற்றில் இறக்குகிற விவசாயி எல்லா வரியையும் சேர்த்துக் கொடுக்கிறார்.

"ஃபவுண்டரிக்காரரு அந்தப் பதினெட்டைக் கட்டலீன்னா?" என்று கேட்டேன்.

"உங்ககிட்டக் கேப்பாங்க. நீங்க அவருக்குக் குடுத்தது உங்க ரெண்டு பேருக்குள்ள இருக்கற விசயம்னு சொல்லிருவாங்க."

நான் திகைத்துப் போனேன். கடையில் காசு கொடுத்துப் பொருள் வாங்கியபின், கடைக்காரன் தன் வரியைக் கட்டவில்லை என்று யாராவது என் வீட்டுக்கு வருவார்களா? வருவார்கள் என்கிறது சட்டம். உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்த வீட்டில் பிறந்தவள் நான். விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது என்பதை என் அப்பா ஏதோ தானே வாங்கிவந்த பட்டம் மாதிரிப் பெருமையாகச் சொல்வார். எங்களுக்கும் வரிக்கும் சம்பந்தமில்லை என்று நம்பியே வளர்ந்தேன். அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால், காலையில் தேய்த்துக் குளித்த சோப்பிலிருந்து கையில் பிடித்திருந்த ஃபோன்வரை வரி கட்டாமல் நான் எதையும் தொட்டிருக்கவில்லை.

அப்போதுதான் நான், "நம்ம கம்பெனிக்கு வருமானமே எவ்வளவுங்க?" என்று கேட்டதும், அவர் அந்த ஏழு லட்சத்து இருபதாயிரத்தைக் காட்டியதும். "இது கம்பெனி கெடையாதுங்க மேடம். கம்பெனின்னா அது தனி ஆள் மாதிரி. லாபம் சின்னதோ பெருசோ, அதுக்கு ஒரே வீதத்துல வரி. பம்ப்செட் சாமான் நீங்க சப்ளை பண்றீங்களே, அந்த எடந்தான் கம்பெனி. உங்களுது உங்க ஒருத்தரு பேர்ல இருக்கற பட்டறை. பட்டறை லாபம்னா அது உங்க சம்பாத்தியம். மொதல் ரெண்டரை லட்சத்துக்கு வரி இல்லை, அதுக்கு மேல படிப்படியா ஏறும். கடனும் அப்படித்தான். பட்டறைக் கடன்னா உங்க கடன். கட்டலீன்னா உங்க நகை, உங்க பேங்க் கணக்கு, எது மேல வேணும்னாலும் கை வெப்பாங்க."

சம்பாத்தியம் வீட்டுக்காரர் சட்டைப்பையில், கடன் மட்டும் என் கழுத்தில். இவ்வளவு நாள் எனக்கு இது தோன்றவில்லையே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

"யாரு அந்த ஃபவுண்டரிக்காரரு?" என்றேன், அவனை ஒரு கை பார்ப்பதென்ற முடிவோடு.

அவர் பட்டியலைத் திருப்பினார். எட்டு பில்கள், மொத்தம் பன்னிரண்டு லட்சத்துக்கு. எல்லாம் ஒரே இடம், பெரியநாயக்கன்பாளையம். பெயரைப் படித்ததும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பயமெல்லாம் இறங்கிப்போன சிரிப்பு.

"என்ற தம்பிங்க அது! கூடப் பொறந்தவன்!"

ஆடிட்டரம்மாவும் சிரித்தார். "அப்ப கவலையே இல்லீங்க. வரியைக் கட்டிப்போட்டு, பில்லை மட்டும் கணக்குல காட்ட மறந்திருப்பாரு. அந்த வருசம் முச்சூடும் எல்லாருமே தடுமாறிட்டுத்தான் இருந்தாங்க. இந்த எட்டு பில்லுக்கும் வரி கட்டியாச்சுன்னு ஒரு லெட்டர் எழுதி, கையெழுத்துப் போட்டு சீல் வெச்சு வாங்கிட்டு வாங்க. இந்தத் தொகைக்கு சப்ளையர் லெட்டரே போதும்னு சொல்லியிருக்காங்க. ஒத்த ரூவா கட்ட வேண்டியதில்லை."

மறுநாள் காலையில் தம்பியின் ஃபவுண்டரிக்குப் போனேன். போர்டில் அவன் மனைவியின் பெயரில் புது எழுத்து இருந்தது. பார்த்ததும் எனக்கு இன்னொரு முதலாளியம்மா கிடைத்துவிட்டாள் என்று தோன்றியது, அதற்கு மேல் யோசிக்கவில்லை. தம்பி கரி படிந்த கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தான்.

"வாங்கக்கா. ஒரு ஃபோன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பனேங்க."

விஷயத்தைச் சொன்னேன். பட்டியலைக் கையில் வாங்கி ஒருமுறை பார்த்தான். எதுவும் கேட்கவில்லை.

"அதுக்கென்னுங்க, எழுதிக் குடுத்தர்றேன். இதுக்குப் போயி வெயில்ல வந்தீங்களா?"

மேஜையின் அடி டிராயரில் துழாவிப் பழைய லெட்டர்ஹெட் ஒன்றைத் தேடி எடுத்தான். நான் சொல்லச் சொல்ல எழுதினான். கையெழுத்துப் போட்டான். காய்ந்துபோயிருந்த சீலுக்கு மை தடவி, ஊதி, ஓங்கிக் குத்தினான். பிறகு டீ வந்தது, முறுக்கு வந்தது. அவன் முறுக்கைத் தொடவில்லை. ஐந்து வருடத்துக்கு முந்தைய எட்டு பில்களைப் பற்றி ஒரு மனுஷன் ஒரு கேள்விகூடக் கேட்காமல் எழுதிக் கொடுக்கிறானே என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கூடப் பிறந்தவன் கொடுத்த கடிதத்தில் யார் என்ன தேடுவார்கள்?

அதோடு நேராக ஆடிட்டரம்மாவிடம் போனேன். கடிதத்தை வாங்கிப் படித்தார். தம்பியின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினார். அந்த எண் தெரிந்தால் போதும், யார் எந்த மாதத்துக்குக் கணக்குத் தாக்கல் செய்திருக்கிறார் என்பதை யாரும் பார்த்துக்கொள்ளலாமாம். எனக்கு அதுவும் ஆச்சரியமாக இருந்தது. அவர் முகம் மாறியது.

"மேடம், இங்க பாருங்க."

பட்டியலில் முதல் சில மாதங்களுக்குத் தேதிகள் இருந்தன. எங்கள் எட்டு பில்களும் வருகிற மாதங்களைத் தேடினேன். இல்லை. ஒரு மாதம்கூட இல்லை. அதற்குப் பிறகும் இல்லை. மேலே ஒரு வரி, பதிவு ரத்து செய்யப்பட்டது என்று. கணக்கே காட்டாததால் அதிகாரிகளே ரத்து செய்துவிட்டார்களாம். பிறகு மனைவி பெயரில் புதிதாகப் பதிவு செய்து ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

"உங்க கம்ப்யூட்டர் தப்பா காட்டுது" என்றேன்.

"இல்லீங்க மேடம்."

"தப்பாத்தான் காட்டுது. வேற எண்ணைத் தட்டிப்போட்டீங்க. திருப்பித் தட்டுங்க."

திருப்பித் தட்டினார். மூன்றாவது தடவையும் தட்டினார், என் மனசுக்காக. அதே வெற்றுக் கட்டங்கள். அவன் வரி கட்டாததுகூட அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு முன் என் கண் முன்னால் உட்கார்ந்து, 'கட்டிவிட்டேன்' என்று பேனாவை எடுத்து எழுதினானே, அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.

ஆடிட்டரம்மா கடிதத்தை மெல்ல என் பக்கம் தள்ளினார். "இதை என்னால வெக்க முடியாதுங்க. நீங்களே உங்க லாகின்ல வெக்கலாம். அதிகாரி பாக்காம விட்டாலும் விட்டுருவாரு, அவருகிட்ட எத்தனையோ ஃபைல் இருக்கும். ஆனா நான் தட்டுன மாதிரி அவரும் ஒருக்கா தட்டுனா, பொய்ச் சான்று குடுத்தாருன்னு உங்க தம்பி மேலதான் கேஸ் வரும். முதலாளி நீங்க. நீங்கதான் முடிவு சொல்லோணும்."

என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் என்னைப் பட்டறை முடிவு கேட்கிறார். அது இந்த முடிவாகவா இருக்க வேண்டும்? கடிதத்தை வைத்தால் நான்கு லட்சம் மிச்சம், தம்பி மாட்டலாம். வைக்காவிட்டால் தம்பி தப்பினான், பணம் போயிற்று. ஏன் போயிற்று என்று வீட்டுக்காரரிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால் என் பிறந்த வீட்டுக்கு இந்த வீட்டில் இருக்கிற மரியாதை அதோடு சரி.

அன்றைக்குச் சாயங்காலமே மறுபடி பெரியநாயக்கன்பாளையம் போனேன். என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆட்கள் இருக்கிற இடத்திலிருந்து மணல் குவித்திருந்த பக்கம் கூட்டிப்போனான்.

"ஏன்டா பொய் எழுதிக் குடுத்தே?" அவனை நான் 'டா' போட்டுப் பேசி வருடங்கள் ஆகியிருந்தன.

கையில் படிந்த கரியைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

"நாங்க குடுத்த ரெண்டு லட்சத்துப் பதினாறாயிரம் எங்கடா போச்சு? குடிச்சியா? சீட்டு ஆடுனியா? எங்க போச்சுன்னு சொல்லு, போறேன்."

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்கக்கா."

"அப்பறம்?"

தலையைக் குனிந்துகொண்டான். "அந்த வருசந்தானுங்க நம்ம பாப்பாவுக்குச் சடங்கு வெச்சீங்க."

என் மகள் வயதுக்கு வந்த வருடம். தாய்மாமன் சீர். மேளம் வைத்து, மண்டப வாசலிலிருந்து நூற்றியொரு தட்டு வரிசையாக எடுத்துவந்தான். ஐந்து பவுனில் ஆரம், பட்டு, வெள்ளிக் குடம். என் நாத்தனார்கள் தட்டுகளை எண்ணினார்கள், நான் அவர்கள் எண்ணுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி ஒறம்பரைச் சொந்தங்களின் வீடுகளில் எத்தனை தடவை நான் பெருமையாகப் பேசியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

"ஃபவுண்டரியில அப்ப ஒண்ணுமில்லீங்க. தோப்புல வெள்ளை ஈ வந்து காயே புடிக்கலீங்க. நீங்க உங்க பங்கு முச்சூடும் எனக்கு எழுதிக் குடுத்துட்டீங்க. சீர்ல கொறை வெச்சா ஊரு என்ன சொல்லும்? மாமா குடுத்த பில்லுப் பணம் அப்படியே கையில இருந்துச்சு. அடுத்த மாசம் கட்டிக்கலாம்னு எடுத்தேன். அடுத்த மாசம் வட்டி, லேட் ஃபீஸ்னு ஏறிப்போச்சு. அப்பறம் எட்டவே முடியலீங்க."

"நானா உன்னை அஞ்சு பவுன் கேட்டேன்?" என்று கத்தினேன்.

அப்போதுதான் அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கோபமாகக்கூட இல்லை. "கேட்டீங்கக்கா" என்றான்.

கேட்டேன். சடங்குக்குப் பத்து நாள் முன்னால் ஃபோனில், 'கண்ணு, கொறைச்சலா செஞ்சுபோடாதே, மூத்த நாத்தனா மகளுக்கு உங்க மாமா நாலு பவுன் வெச்சாரு, என்னால தலை நிமிர முடியாதாக்கும்' என்று சொன்னவள் நான்தான். அதைச் சொன்னேன் என்பதையே அந்த நிமிடம்வரை மறந்திருந்தேன். எவ்வளவு சுத்தமாக மறந்திருந்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பகீரென்கிறது. நான் அவனுக்குக் கொடுத்த வரிப்பணம், ஆரமாகி என் மகள் கழுத்துக்கே வந்திருக்கிறது. அதைத்தான் அரசாங்கம் இப்போது என்னிடம் திருப்பிக் கேட்கிறது.

"அந்த லெட்டரைக் குடுத்துப்போடுங்கக்கா" என்றான். "மாட்டுனா நான் போறேன்."

நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

மறுநாள் என் கல்யாண நகைகளை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். போவதற்கு முன் நாட்காட்டித் தாளின் பின்பக்கம் வரியையும் வட்டியையும் நானே ஒருதடவை போட்டுப் பார்த்தேன். இரண்டு லட்சத்துப் பதினாறாயிரத்துக்கு ஒரு வருட வட்டி முப்பத்தெட்டாயிரத்து எண்ணூற்று எண்பது. ஐந்தால் பெருக்கினேன். ஆடிட்டரம்மா சொன்ன தொகையே வந்தது. தப்பாக வந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

வீட்டுக்காரர் சொன்னபடி ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தார். கால் இரண்டும் கொப்புளம், நெற்றியில் விபூதி, கையில் பஞ்சாமிர்த டப்பா. வெந்நீர் வைத்துக் காலை அதில் விடச் சொல்லிவிட்டு, எதிரில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். சீர் உட்பட. நான் ஃபோனில் கேட்டது உட்பட. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் அம்மணி" என்றார்.

"என்னுங்க தெரியும்?"

"அவன் வரி கட்டறதில்லைன்னு. பழைய ஆடிட்டர் அந்த வருசமே சொன்னாரு, உங்க மச்சினன் பில்லு எதுவும் போர்ட்டல்ல வரலீங்க, ஒரு வார்த்தை கேளுங்கன்னு."

"கேட்டீங்களா?"

"பொண்ணு எடுத்த ஊட்டுல போயி, வரி கட்டுனியாடான்னு எப்படிக் கேக்கறது? சந்தேகப்பட்டாப்புல ஆயிராதா? கேட்டிருந்தா நீயே என்னை உண்டு இல்லைன்னு பண்ணியிருப்பே."

பண்ணியிருப்பேன். என் தம்பியையா சந்தேகப்படுகிறீர்கள் என்று ஒரு மாதம் சோறு இறங்கவிட்டிருக்க மாட்டேன். அதுவும் உண்மைதான். ஆனாலும் எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வது? அவனுக்குத் தெரியும், இவருக்குத் தெரியும், பழைய ஆடிட்டருக்குத் தெரியும். முதலாளிக்குத் தெரியாது.

"எம்பேர்ல இருக்கற பட்டறைங்க" என்றேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அவர் காலைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

கெடுவுக்கு ஒரு நாள் முன்னால் பணத்தைக் கட்டினோம். என் ஃபோனுக்கு வந்த எண்ணை ஆடிட்டரம்மாவின் கம்ப்யூட்டரில் நானே அடித்தேன். ரசீதில் என் பெயர் இருந்தது. தம்பி எழுதிய கடிதத்தை அங்கேயே கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். இனிமேல் எந்த பில்லாக இருந்தாலும், விற்றவர் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் வரித் தொகையைக் கொடுக்கக் கூடாது என்று வீட்டுக்காரரிடம் அங்கேயே சொன்னேன். தம்பி பில்லும்தானா என்று கேட்டார். தம்பி பில்லும்தான் என்றேன்.

அன்று மத்தியானம் தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, லெட்டரைக் குடுத்துப்போட்டீங்களா?"

"இல்லை. பணத்தைக் கட்டிப்போட்டேன். உனக்கு ஒண்ணும் வராது, பயப்படாதே."

நிம்மதியாக மூச்சு விடுவான் என்று நினைத்தேன். அவன் கேட்டது வேறு.

"எவ்வளவுங்கக்கா?"

"நாலு லட்சத்துப் பத்தாயிரம். என்ற நகையை வெச்சுத்தான்."

பிறகு, சின்ன வயதில் அடிபட்டு வந்து நிற்பானே, அந்தக் குரலில் கேட்டான்.

"அப்ப பாப்பாவுக்கு நான் சீரே செய்யலீங்களாக்கா?"

எல்லாக் கேள்விக்கும் ஏதாவது பதில் வைத்திருக்கிறவள் நான். அவன் காத்திருந்தான், நானும் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவனே, "சரிங்கக்கா, வெச்சர்றேனுங்க" என்று வைத்துவிட்டான்.